உப்பு நீரும் கயிறும்

கிணறு உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாதாளக் கரண்டி நினைவிருக்கும். நீர் இறைக்கும்போது கயிறு அறுந்து குடம் உள்ளே விழுந்துவிட்டால், அதற்காக யாரும் மனம் உடைந்து போனதில்லை. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் அந்தக் கொக்கிக் கொத்தை இரவல் வாங்கி வந்து அரை மணி நேரம் துழாவினால் போதும். நம்முடைய குடத்துடன், முந்தின வருஷம் எதிர் வீட்டார் தொலைத்த செம்பும் சேர்ந்து மேலே வந்துவிடும். கிணற்றுக் கயிறு செய்த துரோகத்துக்கு இவ்விதம் ஒரு பரிகாரம் இருந்தது. சமுத்திரத்தில் கயிறு அறுந்தால் என்ன பரிகாரம்?

இந்தக் கேள்வியை நம்மிடம் கொண்டுவந்து போட்டவர் நம் நண்பர் ஒருவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பெரும் பகுதியைத் தம் தம்பியிடம் கொடுத்திருந்தார். தம்பி, பழவேற்காட்டுக்குத் தெற்கே ஓர் உப்பங்கழியில் மிதவைக் கூண்டு கட்டி, அதில் கொடுவா மீன் வளர்த்தார். மீன்களும் நன்றாகத்தான் வளர்ந்தன. ஓர் ஐப்பசி மழை இரவில், கூண்டைப் பிடித்திருந்த கம்பி வடம் அறுந்தது. விடிந்து பார்த்தபோது கூண்டு வெகு தூரத்தில் ஒரு மணல் திட்டின் மேல் சாய்ந்து கிடந்தது, வலை கிழிந்திருந்தது, மீன்கள் பூரண சுதந்திரம் அடைந்துவிட்டிருந்தன.

"கடையில் இருந்தவற்றிலேயே பலமான வடம் அதுதான். இரும்பைவிடப் பலமானது வேறு என்ன இருக்கிறது? தம்பி மறுபடியும் கூண்டு போட வேண்டும் என்கிறான். எதை நம்பிப் போடுவது?" என்று நண்பர் நம்மைக் கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விக்கு நாம் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: ரயில் ஏறிவிடுவது. மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, அறுந்த வடத்தின் ஒரு முழத் துண்டை நண்பர் மஞ்சள் பையில் போட்டுக்கொள்ள, இருவரும் கும்மிடிப்பூண்டி வண்டியில் இடம் பிடித்தோம்.

இரும்பு பிறக்கும் ஊர்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இந்த இருப்புப் பாதையை அழகான பாதை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அலுப்பான பாதை என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் கழி தென்படுகிறது. அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானத்தில் கோடு கிழித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. மீஞ்சூர் வந்ததும் வயல்கள் தலைகாட்டுகின்றன. பொன்னேரியில் பச்சை. கவரைப்பேட்டைக்குப் பிறகு மறுபடியும் தொழிற்சாலைக் கூரைகள். கும்மிடிப்பூண்டியில் இறங்கினால், திருவள்ளூர் ஜில்லாவின் வடகிழக்கு மூலைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. ஆலை வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர்களின் ஹிந்தியும் இடையிடையே கேட்கிறது.

இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பைக் காய்ச்சி உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் உண்டு. உடைந்த யந்திரங்களும் நசுங்கிய தகடுகளும் லாரி லாரியாக ஒரு பக்கம் உள்ளே போகின்றன. புத்தம் புதிய கம்பிக் கட்டுகள் மறுபக்கம் வெளியே வருகின்றன. இரும்புக்கு இது மறுஜன்மம். ஆனால் இரும்பு ஒரு விஷயத்தை மட்டும் எந்த ஜன்மத்திலும் மறப்பதில்லை. அது மண்ணிலிருந்து வந்தது. மறுபடியும் செம்மண் நிறத்துத் தூளாகிவிட வேண்டும் என்பதே அதன் தீராத ஆசை. அந்த ஆசையைத் தூண்டிவிடக் காற்றும் ஈரமும் போதும். அவற்றுடன் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது.

கடைவீதியில் ஒரு கயிற்றுக் கடைக்குள் நுழைந்தோம். "நல்ல பலமான கயிறாக வேண்டும்" என்று நண்பர் ஆரம்பித்தார். கடைக்காரர் நடுவயதுக்காரர், அவசரமே இல்லாதவர். "பலம் அப்புறம் பார்க்கலாம் சார். எங்கே கட்டப்போறீங்க, தண்ணியிலா வெயிலிலா, எது இழுக்கப்போகுது, அதைச் சொல்லுங்க முதல்லே" என்றார். அன்றைய தினம் நாம் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

அவர் கடையில் கயிறெல்லாம் எடைக்குத்தான் விற்பனை. எனவே எடை குறைந்த நார் என்றால் அதே பணத்துக்கு அதிக நீளம் கிடைக்கிறது. இதில் மயங்கி ஏமாறுகிறவர்கள் அநேகர். பாலிபுரொப்பிலீன் என்ற பி.பி. கயிறு தண்ணீரில் மிதக்கும், ஈரத்தால் பலம் குறையாது, விலையும் சகாயம். ஆனால் வெயில் அதற்குப் பரம சத்துரு. நேயர்களில் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் கொடிக்கயிறு கட்டியிருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்: இரண்டு கோடைக்குப் பிறகு, துணி உலர்த்தும் கையில் அது தூளாக உதிர்கிறது. மீன்பிடி வலைகளில் பெரிதும் வழங்கும் பாலிஎதிலீன் கயிறும் மிதக்கும். வெயிலைச் சற்று அதிகம் பொறுக்கும். ஆனால் வழவழப்பானது, முடிச்சு நழுவும். நைலான் தண்ணீரில் அமிழும். நனைந்தால் நூற்றில் பத்துப் பதினைந்து பங்கு பலத்தை இழக்கும். ஆனால் ரப்பரைப் போல் நீண்டு கொடுக்கும். பாலியெஸ்டரும் அமிழும், அது அதிகம் நீளாது, நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலையும் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும், விலைதான் கொஞ்சம் கூடுதல்.

"இவற்றில் எது உயர்ந்தது?" என்று கேட்டோம்.

"எல்லாம் நல்ல பிள்ளைங்கதான். ஒண்ணு செய்யற வேலையை இன்னொண்ணுகிட்டே கொடுத்தாத்தான் தகராறு" என்றார் கடைக்காரர். பிறகு மஞ்சள் பையிலிருந்த துண்டை வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது ஏன் அறுந்ததுன்னு நான் கடையிலே உட்கார்ந்து சொல்றது நியாயம் இல்லை. தண்ணியிலே இருக்கிறவங்க சொல்லட்டும். பழவேற்காட்டுக்குப் போங்க" என்றார். வந்த வியாபாரத்தை ஒத்திப்போட்டு வழி சொல்லும் வியாபாரியை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

ஏரிக் கரையில்

பொன்னேரிக்குத் திரும்பி வந்து பஸ் ஏறினோம். பழவேற்காடு பெரிய சரித்திரம் படைத்த சிறிய ஊர். 1613-ஆம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழ மண்டலத்துத் துணி வியாபாரத்துக்குப் பல்லாண்டுகள் இதுவே அவர்களுடைய தலைமை ஸ்தலமாக இருந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சித்திர வேலை செய்த கல்லறைகள் மிஞ்சியிருக்கின்றன. டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், ஏரி இருக்கிறது. ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். மழைக் காலத்தில் ஆற்று நீர் புகுந்து உப்புக் குறைகிறது. கோடையில் வெயில் காய்ச்சிக் காய்ச்சி, சில இடங்களில் சமுத்திரத்தைவிட அதிகமாகக் கரிக்கிறது. இந்த நீரில் ஊறும் கயிறு ஒரே வருஷத்தில் பலவித நீர்களைக் குடித்துப் பார்த்துவிடுகிறது.

கரையில் ஒரு பூவரச மரத்தின் நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். நம் கதையை முழுவதும் கேட்டார். வடத்துண்டைக் கையில் வாங்கி, முதலில் அறுந்த முனையைப் பார்க்கவில்லை. நடுப்பகுதியைப் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகினார். வெளியே வெள்ளி போலப் பளபளத்த புரிகள் விலகின. உள்ளேயிருந்து செம்பழுப்புத் தூள் பொலபொலவென்று அவர் மடியில் கொட்டியது.

"மேலே உசிரா இருக்குதுங்க ஐயா, உள்ளே செத்து நாளாச்சு" என்றார்.

"மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டுதானே இருந்தான் தம்பி!" என்றார் நண்பர்.

"பார்த்திருப்பாருங்க. தொட்டுப் பார்த்திருக்க மாட்டாரு. இதோட முனையிலே என்ன மாட்டியிருந்தீங்க?"

நண்பர் பெருமையுடன், துருவே பிடிக்காத எவர்சில்வர் வளையம் போட்டிருந்ததாகச் சொன்னார். பெரியவர் சிரித்தார். "அதுதான் இதைத் தின்னுடுச்சு. கடல் தண்ணியிலே ரெண்டு சாதி இரும்பைச் சேர்த்துக் கட்டினா, ஒண்ணு ஒண்ணைத் தின்னும். எங்க படகு மோட்டாரிலேயே ஒரு நாகக் கட்டி வச்சிருக்கான் பாருங்க. அது கரையட்டும்னுதான் வச்சிருக்கான்."

பள்ளிக்கூடத்துச் சாஸ்திரம் படிக்காத இவர் சொன்னது முழுக்க முழுக்கச் சாஸ்திரம். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. எளிதில் கரையும் உலோகம் மற்றதற்காகத் தன்னைக் கொடுத்துக் கரைகிறது. கம்பி வடத்தின் மேல் பூசிய துத்தநாகம் உள்ளேயிருக்கும் இரும்புக்காக இவ்விதம் உயிர்த் தியாகம் செய்யத்தான் பூசப்படுகிறது. ஆனால் எவர்சில்வர் வளையம் அருகில் வந்ததும், அதற்காகவும் சேர்த்துக் கரைந்து, துத்தநாகம் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. அப்புறம் இரும்பின் முறை. இந்தக் குணத்தை உபயோகப்படுத்திக்கொள்ள 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி முயன்றார். கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு அரிக்கப்படாமலிருக்க, இரும்புத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரைந்து விஷமாக இருந்தவரையில் ஒட்டாத சிப்பிகளும் பாசியும் இப்போது தாராளமாக ஒட்டி வளர்ந்து, கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. சமுத்திரம் ஒரு கையால் கொடுத்தால் மறு கையால் வாங்கிக்கொள்கிறது!

எவர்சில்வரும் சிரஞ்சீவி அல்ல. நம் சமையலறையில் காலமெல்லாம் மின்னும் சாதாரண ரகம் கடல் நீரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுகிறது. மாலிப்டினம் கலந்த 316 என்ற ரகம் அதிக நாள் தாங்கும்; அதிலும்கூட, காற்றுப் புகாத இடுக்கில் உப்பு நீர் தேங்கினால் அரிப்பு ஏற்படும். வடமோ இடுக்குகளாலேயே ஆனது.

நாலு சத்துருக்கள்

"கயிறுக்கு நாலு சத்துருங்க. வெயிலு, உப்பு, உராய்ச்சல், உதறல். இதிலே எது எங்கே இருக்குதுன்னு பார்த்துக் கட்டணும்" என்று பெரியவர் விரல் விட்டு எண்ணினார்.

வெயிலைக் கடைக்காரரிடமே கேட்டுவிட்டோம். உப்பு என்றால் இரும்பை அரிப்பது மட்டும் அல்ல. நார்க் கயிறு நனைந்து உலரும்போது புரிகளுக்குள்ளே உப்புப் படிகங்கள் வளர்கின்றன. கயிறு வளையும்போதெல்லாம் அவை மணலைப் போல் நாரை அறுக்கின்றன. ஆகையால்தான் கரையேறிய கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும். இதைச் செய்கிறவர் பத்துப் பேரில் ஒருவர் என்பது பெரியவரின் கணக்கு.

உராய்ச்சலைப் பற்றி அவர் ஒரு கதை சொன்னார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அவரும் அவருடைய பங்காளியும் அருகருகே படகைக் கட்டியிருந்தார்கள். பங்காளியின் கயிறு புதிது, தடிப்பு. இவருடையது பழசு, மெலிசு. புதுக் கயிறு அறுந்து படகு கவிழ்ந்தது, பழங்கயிறு நின்றது. காரணம், படகின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் இவர் ஒரு ரப்பர்க் குழாயைப் பிளந்து மாட்டியிருந்தார். "கயிறு நடுவிலே அறுந்து நான் பார்த்ததில்லை ஐயா. உரசுற எடத்திலே அறும், இல்லேன்னா முடிச்சிலே அறும்" என்றார். அதுவும் உண்மையே. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியைக்கூட இழந்துவிடும். முனையை மடக்கி, புரிகளைப் பிரித்துத் தன்னுடனேயே பின்னிச் சேர்த்துக் கண் செய்தால், பத்தில் ஒரு பங்குதான் நஷ்டம்.

நாலாவது சத்துரு உதறல். நண்பரின் வடம் துருப்பிடிக்காமல் இருந்திருந்தாலும்கூட இதற்குத் தப்பியிருக்குமா என்பது சந்தேகந்தான். எஃகு வடம் நூற்றில் இரண்டு மூன்று பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். நைலானோ தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீண்ட பிறகே அறும். ஓர் அலை கூண்டைத் தூக்கி உதறும்போது, எஃகு அந்த அடியை அப்படியே நங்கூரத்திலும் வளையத்திலும் இறக்குகிறது. நைலான் நீண்டு, அடியை விழுங்கி, மெதுவாகத் திரும்புகிறது. சமுத்திரத்தின் முன் விறைத்து நிற்கிறவன் முறிகிறான். விட்டுக் கொடுத்துப் பிடிக்கிறவன் பிழைக்கிறான்.

இது நைலான் பிறந்த பிறகு கண்டுபிடித்த உண்மை அல்ல. இந்தக் கரையில் வெகு காலமாகத் தெரிந்த உண்மை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது; மரங்களைக் கயிற்றால் கட்டியதனால்தான் அதற்கு அந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலிலிருந்து பிரயாணிகளையும் சரக்குகளையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் மோதி உடைந்தன. தைத்த படகு நெளிந்து கொடுத்துக் கரையேறியது. தென்னை நாருக்கு இந்த நெளிவும் உண்டு, உப்பு நீரில் எளிதில் மக்காத உறுதியும் உண்டு. உப்பங்கழியில் மாதக் கணக்கில் மட்டையை ஊறவைத்து எடுத்த நார், உப்பைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? கட்டுமரம் என்ற நம் சொல்லை இங்கிலீஷ்காரர்கள் காட்டமரான் என்று எடுத்துக்கொண்டார்கள். கயிறு என்ற சொல், மலையாளத்தின் கயர் வழியாக, அவர்களுக்குக் காயர் ஆயிற்று. சொல்லோடு பொருளின் சூட்சுமத்தையும் இங்கிருந்துதான் பெற்றார்கள்.

2004 டிசம்பர் சுநாமிக்குப் பிறகு, கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டன. தென்னங்கயிறும் ஒதுங்கிக்கொண்டது. அதற்காகப் பெரியவர் வருத்தப்படவில்லை, ஒன்றைத் தவிர. "அது அறுந்து கடல்லே போனா கடலோட போயிடும். இது போகாது" என்று கரையில் குப்பையாகக் கிடந்த நீலக் கயிற்றுச் சுருளைக் காட்டினார். உழைக்கும் கயிறு வேண்டும் என்று தேடுகிறோம். அது தொலைந்த பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கிறது. பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வரும் வழியில், யாருடைய கையிலும் இல்லாத கயிறு காத்துக்கொண்டிருக்கிறது.

ஆழத்தில் மெலிவது

கரையோரத்துக்கு இவ்வளவு என்றால் நடுக்கடலுக்கு எவ்வளவு தடித்த வடம் வேண்டும் என்று நண்பர் மலைத்தார். விஷயம் நேர்மாறானது. சென்னைப் பள்ளிக்கரணையில், 1993-இல் ஏற்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வங்கக் கடலில் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் மிதவைகளை நங்கூரமிட்டு, புயல் வருமுன் காற்றையும் அலையையும் அளப்பவர்கள் இவர்களே. அத்தனை நீளத்துக்கும் எஃகையே தொங்கவிட்டால், அதன் சொந்த எடையே பெரும் பாரமாகிவிடும். ஆகவே மேலே கடி, உரசல் உள்ள பகுதிக்கு மட்டும் உலோகம்; கீழே அமைதியான ஆழத்துக்கு நைலானும் பி.பி.யும். இந்த மிதவைகளுக்குப் புயலைவிடப் பெரிய சத்துரு, அவற்றில் படகைக் கட்டிவிட்டு மீன்பிடிக்கும் மனிதர்கள்தான்.

2020 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட சென்னை – அந்தமான் கடலடிக் கேபிளைப் பாருங்கள். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். இத்தகைய கேபிள்கள் கரையருகில்தான் இரும்புக் கம்பிக் கவசம் தரித்துக் கை மணிக்கட்டுப் பருமனில் இருக்கின்றன. ஆழ்கடலில் வெறும் விரல் பருமன்தான். நங்கூரமும் இழுவலையும் கரையருகில் இருக்கின்றன. ஆழத்தில் தொந்தரவு இல்லை. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குத் தந்திக் கேபிள் போட்டபோது, கம்பியைச் சுற்றி மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவைப் பூசினார்கள். வெயிலில் வைத்தால் அது வெடித்து உதிர்ந்துவிடும். இருண்ட கடலடியில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கடைக்காரர் சொன்ன அதே பாடம்: எங்கே கட்டப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

அமாவாசைக் கணக்கு

சாயங்காலம் கும்மிடிப்பூண்டிக் கடைக்கே திரும்பினோம். கூண்டு மிதக்கும் இடத்தில் ஆழம் மூன்று மீட்டர்தான். நங்கூரத்தையொட்டி, தரையில் கிடந்து உரசும் பகுதிக்குக் கனத்த சங்கிலி. சங்கிலியும் வளையமும் ஒரே ஜாதி, துத்தநாகம் பூசிய இரும்பு. அதற்கு மேல் நைலான், ஆழத்துக்கு ஐந்து மடங்குக்குக் குறையாத நீளம். நேர் மேலாக இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும், சாய்வாக இழுத்தால் புதையும். முனைகளில் முடிச்சு இல்லை. குழிவளையம் வைத்துப் பின்னிய கண். கூண்டில் உரசும் இடத்தில் ரப்பர்க் குழாய். ஒவ்வொரு மூலைக்கும், தளர்வாக, இரண்டாவது கயிறு ஒன்று. நண்பர் கணக்குப் பார்த்தார். முன்பு வாங்கிய கம்பி வடத்தைவிடச் செலவு குறைவாகவே ஆயிற்று.

பெரியவர் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தையையும் அவர் குறித்துக்கொண்டிருந்தார்: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றவற்றம் அதிகம், கயிறு அதிகம் உழைக்கும், ஆகவே அது முடிந்த மறுநாள் ஒவ்வொரு கண்ணையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் அல்ல, கையால்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பெய்து தீர்த்தன. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு நண்பரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. விவரமாக எழுதும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "கூண்டு இருக்கிறது. கயிறு இருக்கிறது. ரப்பர்க் குழாய் இரண்டு இடத்தில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது, வேறு மாற்றினோம்" என்று எழுதியிருந்தார்.